ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் கிடக்கும் உங்கள் ஆதார்

மார்த்தாண்டத்திலோ வடசேரியிலோ ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடை முன்னால் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். கண்ணாடியில் ஒரு வாட்ஸ்அப் நம்பர் ஒட்டியிருக்கும். வருகிறவர்கள் ஆதார், பாஸ்போர்ட், பேங்க் பாஸ்புக் என்று எல்லாவற்றையும் அந்த நம்பருக்கு அனுப்புவார்கள். கடையில் இருப்பவர் வாட்ஸ்அப் வெப்பில் அதை இறக்கி, பிரிண்ட் போட்டுக் கொடுத்து, காசு வாங்கிக்கொள்வார். தாள் நம் கைக்கு வந்துவிடும். கோப்பு அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கிடக்கும், முந்தின ஆளுடைய சாதிச் சான்றிதழுக்கும் அடுத்த ஆளுடைய விசாவுக்கும் நடுவில்.

இணையக் கண்காணிப்பு என்றால் நமக்கு உடனே பெகாசஸ்தான் ஞாபகம் வருகிறது. குமரி மாவட்டத்தில் மணல் சுரங்கத்தைப் பற்றியோ குவாரி லாரிகளைப் பற்றியோ எழுதுகிற ஆளைக் கண்காணிக்க அவ்வளவு விலையுள்ள உளவுக் கருவியெல்லாம் தேவைப்படாது என்பது என் கணக்கு. இந்த ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர், குழுவில் எவரோ எடுத்த ஸ்கிரீன்ஷாட், கைரேகை வைத்தால் திறந்துகொள்ளும் போன், இந்த மூன்றுமே போதும். அதனால் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

பிரிண்ட் எடுத்ததும் வாட்ஸ்அப்பில் 'எல்லாருக்கும் அழி' கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. அரட்டையில் இருப்பது மட்டும்தான் அதில் போகும். ஏற்கெனவே இறக்கிய கோப்பு அசையாது. ஒருமுறை மட்டும் பார்க்கும் வசதியும் பிடிஎஃபுக்குக் கிடையாது. கடையிலேயே நின்று, "அண்ணே, அந்தக் கோப்ப அழிச்சிருங்க" என்று கேட்பதுதான் வழி. கண்ட்ரோலும் ஜேவும் சேர்த்து அமுக்கினால் பிரௌசரில் இறக்கியவற்றின் பட்டியல் வரும். அந்தப் பட்டியலிலிருந்து பெயரை மட்டும் நீக்கிவிட்டு 'அழிச்சாச்சு' என்பார்கள், கோப்பு அங்கேயேதான் இருக்கும். பக்கத்தில் உள்ள ஃபோல்டர் படத்தைச் சொடுக்கி, கோப்பு இருக்கும் இடத்துக்கே போய், ஷிப்ட்டை அமுக்கிக்கொண்டு டிலீட் கொடுக்க வேண்டும். ஷிப்ட் இல்லாவிட்டால் ரீசைக்கிள் பின்னில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதைவிட நல்லது, முழு ஆதாரைக் கடைக்கு அனுப்பாமல் இருப்பது. மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போய், இறக்குவதற்கு முன் 'மாஸ்க்டு ஆதார்' என்ற கட்டத்தில் டிக் செய்தால், முதல் 8 இலக்கங்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும் பிரதி கிடைக்கும். அந்தக் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் (பெரிய எழுத்தில்) பிறந்த வருஷமும். உங்கள் பெயரும் வயதும் தெரிந்த எவரும் திறந்துவிடலாம் என்பதால் அதைப் பூட்டாகவே எண்ண வேண்டாம். தாளில் கொடுக்கும் பிரதி என்றால், எதற்குக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் படத்தின் குறுக்கே பேனாவால் எழுதுங்கள். ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், இணைய மையக் கம்ப்யூட்டரில் இறக்காதீர்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே 2022 மே 27 அன்று அறிக்கை விட்டது. இரண்டே நாளில் அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அறிக்கை போனாலும் அதில் சொன்ன புத்தி சரிதான்.

கைரேகைப் பூட்டையும் அதே தளத்தில் போட்டுவிடலாம். பூட்டிய பிறகு ஆதார் கைரேகை கேட்கும் எந்த மிஷினும் உங்களை ஏற்காது. சிம் வாங்கப் போய் 'ஆகல' என்று திரும்பி வருவது இதனால்தான். அந்த நேரத்துக்கு மட்டும் தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிஷத்தில் தானே பூட்டிக்கொள்ளும்.

இனி குழு. கிள்ளியூர் வட்டத்து கடற்கரை ஊர்களில் மணல் சுரங்கத் திட்டம் பற்றிய பேச்சு பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்களில்தான் நடக்கிறது. முந்நூறு பேர் இருக்கும் குழுவில் ரகசியம் இல்லை, எண்ட்-டு-எண்ட் என்று வாட்ஸ்அப் எத்தனை தடவை சொன்னாலும். வழியில் எவரும் படிக்க முடியாது, அது உண்மை. முந்நூறு போனில் எது எங்கே போகிறது என்பதற்கு அது பொறுப்பல்ல. மறையும் செய்தியை 24 மணி நேரத்துக்கு வைத்தாலும் ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்காது. கூகுள் டிரைவ் பேக்கப்பும் அப்படித்தான்: நீங்கள் 64 இலக்கச் சாவி போட்டுப் பூட்டியிருக்கலாம், பக்கத்து வீட்டு அண்ணன் பூட்டாவிட்டால் உங்கள் செய்தி அவருடைய பேக்கப்பில் திறந்தே கிடக்கும். சாவியைத் தொலைத்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது, அதனால் தாளில் எழுதி வையுங்கள்.

ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்பதை வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் போடலாம். அதில் உறுப்பினர்களின் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, அட்மினுக்கு மட்டும் தெரியும். யாரிடம் ஆவணம் வாங்குவது, யார் சாட்சி சொல்வது போன்ற பேச்சு, ஏழெட்டுப் பேருக்குள் சிக்னல் செயலியில். 2024 முதல் சிக்னலில் பயனர்பெயர் வைத்து நம்பரை மறைக்கலாம். 2016இல் அமெரிக்க நீதிமன்றம் ஒரு கணக்கின் விவரம் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டும்தான் சிக்னலிடம் கொடுக்க இருந்தது. டெலிகிராம் பாதுகாப்பானது என்று ஏன்தான் நம்புகிறார்களோ, அதன் குழு அரட்டை எதுவும் எண்ட்-டு-எண்ட் அல்ல.

இணையத்தில் நாம் எங்கிருந்து வருகிறோம் என்பதை மறைக்கும் விபிஎன் வாங்கிவிட்டால் போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2022 ஏப்ரல் 28 அன்று வந்த செர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவு, விபிஎன் நிறுவனங்களை வாடிக்கையாளர் விவரத்தை 5 வருஷம் வைத்திருக்கச் சொன்னது. எக்ஸ்பிரஸ், நார்டு, புரோட்டான் எல்லாம் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டுப் போனது அதனால்தான்.

படம் எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: போன் கேமராவில் லொகேஷன் ஆன் செய்திருந்தால் எடுத்த இடமும் நேரமும் படத்துக்குள்ளேயே பதியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும். தரம் குறையாமல் இருக்க டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். வீட்டு மொட்டை மாடியிலிருந்து லாரியைப் படம் எடுத்துத் தருகிற ஆளின் வீடு அதில் இருக்கிறது. அசல் கோப்பைத் தொடாமல் தனியாக வையுங்கள், நாளைக்கு நீதிமன்றத்தில் அதுதான் பேசும். குழுவுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் பிரதி போதும். முகத்தை மார்க்கரால் கிறுக்கி மறைத்தால் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கும்போது தெரிந்துவிடும். சிக்னலில் உள்ள மங்கலாக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் வெட்டியே எடுத்துவிடுங்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கோ ஆர்ப்பாட்டத்துக்கோ போகும் முன் கைரேகையையும் முகத்தையும் எடுத்துவிட்டு ஆறு இலக்க எண் பூட்டு மட்டும் வையுங்கள், பிறந்த தேதி வேண்டாம். மறந்துவிட்டால் போனை அணைத்துத் திரும்பப் போடுங்கள். எண்ணை அடிக்கும்வரை கைரேகை செல்லாது. ஐபோனில் பக்கப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து இரண்டு விநாடி அமுக்கினாலும் அதே வேலை நடக்கும். போலீஸ் போனைப் பறிமுதல் செய்தால் மகஜர் (பறிமுதல் செய்ததற்கான பதிவு) நகல் கேளுங்கள், அதில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவுப்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுத்தாக வேண்டும். கடவுச்சொல்லைச் சொல்லியே ஆகவேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை, வக்கீல் வரட்டும்.

'66ஏ போட்டு உள்ளே தள்ளிருவோம்' என்று, இணையப் பதிவுக்காகக் கைது செய்ய உதவிய ஐடி சட்டத்தின் பழைய பிரிவைக் காட்டி எவராவது சொன்னால் பயப்பட வேண்டாம். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தாயிற்று. அதற்குப் பிறகும் வழக்கு போட்டுக்கொண்டே இருந்ததால் 2022 அக்டோபரில் மறுபடியும் கண்டித்தது. பகை மூட்டுதல், அவதூறு பிரிவுகள் உயிரோடுதான் இருக்கின்றன, எழுதும்போது ஆளை விட்டுவிட்டு ஆவணத்தைப் பேசுங்கள். குழுவில் வேறொருவர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக வழக்கில் சேர்க்க முடியாது என்று உயர் நீதிமன்றத்தின் நம்முடைய மதுரைக் கிளையே 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது.

2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, சம்பந்தமே இல்லாமல் நம் மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். இன்று அப்படி நடந்தால் உத்தரவு நகல் கேட்கலாம். உச்ச நீதிமன்றத்தின் 2020 ஜனவரி 10 தீர்ப்புப்படி அதை வெளியிட்டாக வேண்டும். இணையம் நின்றாலும் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் அநேகமாக ஓடும், பத்து நம்பரைத் தாளில் எழுதி வைத்திருப்பவருக்குச் சிரமமில்லை.

வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகள் இங்கே அதிகம் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு சைபர் சட்டம், வதந்தி என்று கருதும் எதையும் இணையத்தில் பரப்புவதைத் தண்டிக்கிறது. குற்றத்தை மறைக்க விபிஎன் பயன்படுத்தினால் குறைந்தபட்ச அபராதமே 5 லட்சம் திர்ஹம். ஊர்க் குழுவில் அட்மினாகத் துபாய்த் தம்பியைப் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அவருக்குச் செய்தி தெரிய வேண்டுமென்றால் வீட்டிலிருந்து ஒரு போன் போட்டுச் சொல்லலாம்.