கெர்பரின் 2016: தோல்விகளும் சேர்ந்து கட்டிய முதலிடம்

ஜெர்மன் டென்னிஸ் வீராங்கனை ஏஞ்சலிக் கெர்பர் 2016ஆம் ஆண்டில் எட்டு இறுதியாட்டங்களில் ஆடினார். அவற்றில் மூன்றில் மட்டுமே வென்றார். இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு, முக்கியமான நாட்களில் தடுமாறிய ஒருவரின் ஆண்டாகவே அது தோன்றும். ஆனால் அந்த மூன்றில் இரண்டு, ஆண்டின் நான்கு மிகப் பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களின் பட்டங்கள் என்பதையும், அதே ஆண்டு செப்டம்பரில் செரீனா வில்லியம்ஸிடமிருந்து அவர் உலகின் முதலிடத்தைக் கைப்பற்றினார் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஒரு டென்னிஸ் ஆண்டு எப்படிக் கட்டப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பருவம் அண்மைக் காலத்தில் வேறில்லை என்றே எனக்குப் படுகிறது.

அதற்கு முந்தைய ஆண்டை அறியாமல் இதைப் புரிந்துகொள்வது கடினம். 2015இல் சார்ல்ஸ்டன், ஸ்டட்கார்ட், பர்மிங்ஹாம், ஸ்டான்ஃபோர்ட் என நான்கு பட்டங்களை வென்ற கெர்பர், நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் ஒன்றில்கூட மூன்றாம் சுற்றைத் தாண்டவில்லை. ஆண்டின் இறுதியில் சிங்கப்பூரில், முன்னணி எட்டு வீராங்கனைகள் மட்டுமே ஆடும் போட்டியின் கடைசிக் குழு ஆட்டத்தில், லூசி சஃபரோவாவிடம் ஒரே ஒரு செட்டை எடுத்தாலே அரையிறுதிக்குப் போயிருக்கலாம் என்ற நிலையில், நேர் செட்களில் தோற்று வெளியேறினார். ஆட்டத்திறன் போதாததால் வந்த தோல்வியாக அது தெரியவில்லை. என்ன வேண்டும் என்பது மிகத் தெளிவாகத் தெரிந்திருந்ததே அவருடைய கையைக் கட்டிப்போட்டது போலிருந்தது.

ஆகவே 2016 ஜனவரியில் மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓப்பனின் முதல் சுற்று ஆட்டத்தை, பலரும் செய்வதைப்போல், அதிர்ஷ்டக் கதையாக மட்டும் நான் படிப்பதில்லை. ஜப்பானின் மிசாகி டோயிடம் முதல் செட்டை இழந்து, இரண்டாம் செட்டின் டை-பிரேக்கில் (சமநிலையில் உள்ள செட்டை முடிவுசெய்யும் ஆட்டத்தில்), இன்னொரு புள்ளி இழந்தாலே தோல்வி என்ற மேட்ச் பாயிண்ட்டையும் எதிர்கொண்ட கெர்பர், அதைக் காப்பாற்றி மூன்றாம் செட்டில் வென்றார். அந்த ஒரு புள்ளி மறுபக்கம் போயிருந்தால், அந்தப் போட்டியிலிருந்து அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது 10 தரவரிசைப் புள்ளிகள். இறுதியில் கிடைத்ததோ 2,000. காலிறுதியில், அதுவரை ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தன்னைத் தோற்கடித்திருந்த விக்டோரியா அசரென்காவை, இரண்டாம் செட்டில் 2-5 எனப் பின்தங்கியிருந்தும், 6-3, 7-5 என்று வீழ்த்தினார். அந்த மாதத் தொடக்கத்தில்தான் பிரிஸ்பேன் இறுதியாட்டத்தில் அதே அசரென்கா அவரை எளிதாக வென்றிருந்தார் என்பதால், என் கணக்கில் பட்டத்தை வென்ற ஆட்டத்தைவிட இந்தக் காலிறுதியே பெரியது.

இறுதியாட்டத்தில் செரீனாவை 6-4, 3-6, 6-4 என வென்றபோது, கெர்பரின் ஆட்டமுறை என்ன செய்ய வல்லது என்பது எண்களிலேயே தெரிந்தது: எதிராளியின் நெருக்கடி இல்லாமல் தானாகச் செய்யும் கட்டாயமற்ற பிழைகள் செரீனாவுக்கு 46, கெர்பருக்கு 13. இதை வைத்து, எதிராளி பிழை செய்யும்வரை காத்திருந்தவர் என்று சிலர் அவரைச் சுருக்கிவிடுவதுண்டு. அது பாதி உண்மைதான். வேறு எவருக்கும் வெற்றிப் புள்ளியாக முடிந்திருக்கும் பந்தை, முழங்கால் ஏறத்தாழத் தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து, எதிராளியின் வேகத்தையே கடன் வாங்கி ஆழமாகத் திருப்பி அனுப்புவதால், எதிரில் இருப்பவர் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு மூன்று முறை வெல்ல வேண்டியிருக்கும். அந்தக் களைப்பும் எரிச்சலும்தான் பிழைகளாக வெளிவருகின்றன. இயல்பில் வலக்கைக்காரரான அவர் இடக்கையால் ஆடுவதும், ஓட்டத்தின் நடுவே கோட்டை ஒட்டி நேராக அடிக்கும் ஃபோர்ஹேண்டும் இந்தத் தற்காப்புக்குள் ஒளிந்திருந்த கத்திகள். குறையும் வெளிப்படையானதே: முதல் சர்வீஸ் தவறினால் அடிக்கும் அவருடைய இரண்டாவது சர்வீஸ் மெதுவானது, எவரும் தாக்கத்தக்கது. முதலிடத்தைப் பிடித்த வீராங்கனைகளில் இவ்வளவு சாதாரணமான சர்வீஸுடன் அதைச் செய்தவர்கள் மிகக் குறைவு.

ஸ்டெஃபி கிராஃப் 1999இல் பாரிஸில் பிரெஞ்சு ஓப்பனை வென்றதற்குப் பிறகு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ஜெர்மானியர் என்ற பெருமையுடன் கெர்பர் மெல்போர்னிலிருந்து கிளம்பினார். அடுத்த சில மாதங்களில் பேச அதிகமில்லை. ஸ்டட்கார்ட்டின் களிமண் தளத்தில் தன் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது தவிர, களிமண் பருவம் அவருக்குக் கசப்பாகவே போனது. பிரெஞ்சு ஓப்பனில் கிகி பெர்ட்டென்ஸிடம் முதல் சுற்றிலேயே தோற்றார். மெல்போர்ன் ஒரு விதிவிலக்கு என்று எழுதியவர்களுக்கு அந்த நேரத்தில் போதுமான ஆதாரம் இருக்கத்தான் செய்தது.

அதன்பின் வந்த ஒன்றரை மாதம்தான் இந்தப் பருவத்தின் இதயம் என்று நினைக்கிறேன். வெறும் பட்டங்களின் பட்டியலில் தேடினால் அந்த மாதங்கள் அகப்படவே மாட்டா. விம்பிள்டனில் ஒரு செட்டையும் இழக்காமல் இறுதியாட்டத்தை அடைந்த கெர்பர், செரீனாவிடம் 5-7, 3-6 எனத் தோற்றார். ஆட்டம் முழுவதிலும் செரீனாவின் சர்வீஸைப் பறிக்கும் வாய்ப்பாக (பிரேக் பாயிண்ட்) அவருக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அதையும் செரீனா, எதிராளி தொடவே முடியாத சர்வீஸான ஏஸ் அடித்து அழித்தார். மெல்போர்னில் தடுக்கப்பட்ட 22ஆவது கிராண்ட் ஸ்லாம் பட்டத்தை, கிராஃபின் எண்ணிக்கையைச் சமன்செய்த அந்தப் பட்டத்தை, செரீனா அன்றுதான் பெற்றார். ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில், தரவரிசையில் வெகு கீழே இருந்த மோனிகா புய்க், தன் நாடான புவேர்ட்டோ ரிக்கோவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை 6-4, 4-6, 6-1 என்று கெர்பரிடமிருந்து பறித்துக்கொண்டார். மறுவாரமே கண்டம் கடந்து சின்சினாட்டிக்குப் போய், அங்கும் இறுதியாட்டம்வரை வந்தார். அன்று வென்றிருந்தால் அங்கேயே முதலிடம் கிடைத்திருக்கும். கரோலினா பிளிஸ்கோவா 6-3, 6-1 என்று ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டிய ஆட்டத்தில் அதை மறுத்தார்.

மூன்று இறுதியாட்டங்கள், மூன்று தோல்விகள். ஆனால் தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களில் சேர்ந்த புள்ளிகளின் கூட்டல் மட்டுமே. அதற்குக் கண்ணீரும் தெரியாது, கைதட்டலும் தெரியாது. விம்பிள்டனில் இரண்டாம் இடம் பெற்றவருக்கு 1,300 புள்ளிகள், சின்சினாட்டியில் 585. முந்தைய ஆண்டின் விம்பிள்டனில் மூன்றாம் சுற்றிலேயே வெளியேறியிருந்ததால், இந்தப் புள்ளிகளில் பெரும்பகுதி அவருக்குப் புதிய வரவாகவே சேர்ந்தது. ரியோவில் மட்டும் தரவரிசைப் புள்ளிகளே கிடையாது. அந்த வெள்ளிப் பதக்கத்துக்காக அவர் செலவிட்ட உடல் உழைப்பு கணக்குப் புத்தகத்தில் எங்கும் பதிவாகவில்லை. சின்சினாட்டியில் அவருடைய கால்கள் கனத்திருந்ததற்கு அதுவே காரணம் என்பது என் ஊகம்.

நியூயார்க்கில் யு.எஸ். ஓப்பனில் நடந்தது வேடிக்கையானது. அரையிறுதியில் செரீனாவை வென்றவர் கெர்பர் அல்லர்; பிளிஸ்கோவா. 6-2, 7-6 என்ற அந்தத் தோல்வியுடன், தொடர்ந்து 186 வாரங்கள் நீடித்த செரீனாவின் முதலிடம் முடிவுக்கு வந்தது. அதுவும் கிராஃபின் சாதனைக்குச் சமமாக வந்து, அதைத் தாண்டுவதற்கு முன்பே நின்றுபோனது. அன்றிரவு கரோலின் வோஸ்னியாக்கிக்கு எதிரான தன் அரையிறுதியை ஆடக் களமிறங்கும் முன்பே கெர்பர் முதலிடத்தை உறுதிசெய்துவிட்டார். அப்படிக் கைக்கு வந்த பதவி, அடுத்த ஆட்டத்தில் எவரையும் இறுக்கிவிடக்கூடியது. ஓராண்டுக்கு முன் சிங்கப்பூரில் ஆடியவராக இருந்திருந்தால் இறுக்கியிருக்கும். ஆனால் வோஸ்னியாக்கியை நேர் செட்களில் வென்று, செப்டம்பர் 10 அன்று, சின்சினாட்டியில் தன்னைத் துவைத்தெடுத்த அதே பிளிஸ்கோவாவை எதிர்கொண்டார். மூன்றாம் செட்டில் 1-3 எனப் பின்தங்கியபோது, காத்திருப்பதை விட்டு, தானே ஃபோர்ஹேண்டால் நேர்கோட்டில் தாக்கத் தொடங்கினார். 6-3, 4-6, 6-4 என்று ஆட்டம் முடிந்தது. இரண்டு நாள் கழித்து, 28 வயதில், முதன்முறையாக முதலிடம் பெற்ற வீராங்கனைகளிலேயே மூத்தவராகத் தரவரிசையின் உச்சியில் அவர் பெயர் ஏறியது.

அக்டோபரில் சிங்கப்பூரில் நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றுவிட்டு, குழு ஆட்டத்தில் தான் தோற்கடித்த டொமினிகா சிபுல்கோவாவிடமே இறுதியாட்டத்தில் 3-6, 4-6 எனத் தோற்றார். கடைசிப் புள்ளி, வலையின் மேல்விளிம்பில் உரசி அவர் பக்கம் விழுந்த பந்தால் முடிந்தது.

52 வாரக் கணக்கின் மறுபக்கம் 2017இல் வெளிப்பட்டது. மெல்போர்னில் நான்காம் சுற்றில் கோகோ வாண்டவெய்யிடம் தோற்றபோது 2,000 புள்ளிகள் கழிந்து 240 மட்டுமே சேர்ந்தன. முதலிடம் செரீனாவிடமே திரும்பியது. பின்னர் சிறிது காலம் அதை மீட்டாலும், யு.எஸ். ஓப்பனில் முதல் சுற்றிலேயே நவோமி ஒசாகாவிடம் வீழ்ந்து, ஆண்டை முதல் இருபதுக்கு வெளியே முடித்தார். 2016 ஒரு தற்செயல் என்ற பழைய வாதம் அப்போது மீண்டும் எழுந்தது. 2018 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் செரீனாவை 6-3, 6-3 என்று அவர் வென்ற பிறகு, அந்த வாதத்தை நான் எங்கும் கேட்கவில்லை.