ஒரே கார், இரண்டு விலை
உள்நாட்டுக் காரா, வெளிநாட்டுக் காரா என்று வாதாடுகிறவர்கள் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் ஆலையின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் டொயோட்டாவும் 1984-இல் சேர்ந்து அங்கே உற்பத்தியைத் தொடங்கின. டொயோட்டா கொரோலாவும், ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற ஜியோ பிரிஸமும் அந்த ஒரே ஆலையிலிருந்து வந்தவை. இன்ஜின், கியர்பாக்ஸ், சேஸிஸ் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியும் பழைய கார் சந்தையில் பிரிஸம் மலிவாகப் போனது, கொரோலாவுக்கு நல்ல விலை நின்றது. முகப்பில் இருந்த பெயருக்குக் கிடைத்த காசு அது!

இறக்குமதிக் காரில் சுங்க வரியும் கப்பல் செலவும் வேறு சேரும். அவற்றால் ஒரு போல்ட்கூட உறுதியாகிவிடாது. விலை ஏற ஏற தோல் சீட்டும் சத்தமில்லாத கேபினும் கிடைக்கும், சரி. ஆனால் எலக்ட்ரானிக்ஸ் கூடக்கூட பழுதாகும் இடங்களும் கூடும். பணத்தைக் கட்டும் முன் உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்குமா என்று தயவுசெய்து விசாரியுங்கள்.