கீழ்மாடிப் பாட்டியின் கணக்கு

"தம்பி, இந்த பஸ் ஸ்டாப் இருக்கே, இங்கதான் எங்க ஆட்டுக்கொட்டகை."

சிங்கப்பூரின் ஈசூனில் இன்று காலை கீழ்மாடிப் பாட்டி கைத்தடியால் தரையைத் தட்டிக் காட்டினார். எனக்குத் தெரிந்தது சிமெண்டும் குப்பைத்தொட்டியும்தான்.

அப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. அத்தாப்பு ஓலைக் கூரை, பொதுக்குழாயில் வரிசை, மழை வந்தால் சேறு. விடியுமுன் பால் கறந்து, நேவல் பேஸ் குவார்ட்டர்ஸ் (கடற்படைத் தளக் குடியிருப்பு) வரை சைக்கிளில் கொண்டுபோவாராம் தாத்தா.

எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் பாக்கி, யார் பாலில் தண்ணீர் என்று சண்டைக்கு வந்தார்கள், எல்லாம் நினைவிருக்கிறது. காலையில் மாத்திரை போட்டாரா என்பதுதான் நினைவில்லை!

1938-இல் திறந்த கடற்படைத் தளத்தை நம்பி இந்தப் பக்கம் குடியேறிய தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். 1971-இல் பிரிட்டிஷ் படை கிளம்பியது. பிறகு கம்பங்கள் எனப்பட்ட கிராமக் குடியிருப்புகளும் போய் அடுக்குமாடிகள் வந்தன.

வாய்மொழி வரலாற்றுப் பதிவு இங்கே 1979-இலேயே தொடங்கிவிட்டது. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் பல நேர்காணல்களைக் கேட்கலாம். நல்ல வேலைதான். ஆனால் ஆட்டுப்பால் விற்றவரின் மனைவியிடம் யார் மைக் நீட்டியிருப்பார்கள்?

நாமும் சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்பதற்கு மேல் எதையும் கேட்பதில்லை.

சரி, போனில் பதிவு செய்யலாமா என்றேன். ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை: பாக்கி வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதே புளோக்கில் இருக்கிறார்களாம், பெயர் மட்டும் வெளியே வரக்கூடாது.