ஜூலியன் பக்கம் பேசுகிறவர்கள்

இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு நடத்துகிற எனக்கு, விடைத்தாள் திருத்தும்போது அலுப்பூட்டும் வரி ஒன்று உண்டு: "ஏதென்சுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்?" புறமதக் கல்வியை ஆதிக் கிறிஸ்தவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டால் போதும், கிரேக்கத் தத்துவத்துக்கும் கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் ஒட்டில்லை என்ற பொருளில் ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுப்பிய இந்தக் கேள்வியை எழுதி, அடிக்கோடிட்டு, அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள்.

அதனால் பாடத்தை இப்போது, கிறிஸ்தவர்கள் புறமத இலக்கியம் கற்பிப்பதைத் தடுத்து 362இல் ரோமப் பேரரசர் ஜூலியன் பிறப்பித்த ஆணையிலிருந்து தொடங்குகிறேன். கிறிஸ்தவராக வளர்ந்து, பழைய தெய்வங்களிடம் திரும்பியவர் அவர். கிரேக்கக் காவியக் கவி ஹோமரின் தெய்வங்களை நம்பாதவன் ஹோமரை நடத்திப் பிழைப்பது நேர்மையல்ல, அவன் தன் சபைக்குப் போய் மத்தேயுவையும் லூக்காவையும் விளக்கட்டும் என்றார். ஆனால் கிறிஸ்தவப் பிள்ளைகள் அவற்றைப் படிப்பதை அவர் தடுக்கவில்லை.

"நியாயம்தானே ஐயா?" என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். அதற்காகவே காத்திருப்பேன். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் தெர்த்துல்லியன் சொன்னதும் ஏறக்குறைய அதேதான்: கிறிஸ்தவன் அந்த இலக்கியத்தைக் கற்கலாம், கற்பிக்கக் கூடாது. சபையின் எதிரியும் சபையின் மிகக் கறாரான காவலரும் ஒரே கட்சி!

அப்படியானால் சபையார் ஆணையை வரவேற்றிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. ரோமில் கிறிஸ்தவரான சொற்கலை ஆசிரியர் மாரியுஸ் விக்டோரினுஸ் பள்ளியை விட்டு விலகினார். ஏதென்சில் அதே தொழில் செய்த கிறிஸ்தவர் புரோஹெரேசியுஸ், பேரரசர் விதிவிலக்குத் தர முன்வந்தும் ஏற்கவில்லை. இறையியலாளர் நசியான்சு கிரெகொரியோ ஜூலியனைப் பார்த்து, கிரேக்க மொழி என்ன உன் தனிச்சொத்தா என்று சீறினார். அப்போலினாரிஸ் என்ற பெயருடைய தந்தையும் மகனும் வேதத்தை ஹோமரின் யாப்பிலும் பிளேட்டோவின் உரையாடல் நடையிலும் மாற்றி எழுத உட்கார்ந்தார்கள். மறு ஆண்டே ஜூலியன் பாரசீகப் படையெடுப்பில் மாண்டார். ஆசிரியர்கள் ஹோமருக்கே திரும்பினார்கள். அந்தப் புதுக் காவியங்களைச் சீந்துவார் இல்லை. ராப்பகலாகப் பாடக்குறிப்பு எழுதி, பாடத்திட்டம் மாறிப்போன எந்த ஆசிரியருக்கும் அவர்கள்மேல் இரக்கம் வரும்.

தெர்த்துல்லியனின் முழக்கத்தைவிட, புத்தகத்தைப் பிடுங்கியபோது எழுந்த கூச்சலைத்தான் நான் நம்புகிறேன். ஜூலியனைப் போற்றிய புறமத வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸே இந்த ஆணையைக் கடுமையானது என்று கண்டித்திருக்கிறார்.

இருந்தும் ஜூலியன் பக்கம் பேசுகிற மாணவர்கள்தான் நன்றாக வாதாடுகிறார்கள். அவர்களிடம் ஒன்றை மட்டும் நினைவூட்டுவேன்: நம் கல்லூரியில் இந்து சமயப் பாடம் நடத்துபவர் ஓர் ஆயர். ஜூலியன் சட்டப்படி அவருக்கு வேலை இல்லை. வகுப்பு சிரிக்கும், பிறகு, போக வேண்டியவர்தான் என்று ஒரு குரலாவது எழும்.