எத்தனை கிலோ குறைக்கணும் என்று கேட்பவர்களுக்கு

பெண்ணாக மாற ஹார்மோன் தொடங்கப்போகிற திருநங்கைத் தங்கைகள் என்னிடம் மருந்தைவிட எடையைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். “அக்கா, அதுக்கு முன்னாடி எத்தனை கிலோ குறைக்கணும்?” சிலர் எண்ணை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு வருவார்கள். அந்த எண்ணைத் தொடும்வரை டாக்டர் வாசலை மிதிக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்பார்கள். அப்படியே வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களும் உண்டு.

அப்படி ஒரு எண் கிடையாது. திருநர் மருத்துவத்தில் உலகம் முழுக்க டாக்டர்கள் புரட்டுகிற வழிகாட்டி, டபிள்யூபாத் (WPATH) என்ற சர்வதேச மருத்துவ அமைப்பு 2022-ல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) இத்தனைக்கு மேல் இருந்தால் ஹார்மோன் தரக்கூடாது என்று அதில் கோடு கிழிக்கவில்லை. அறுவை சிகிச்சை வேறு கதை. மயக்க மருந்து, காயம் ஆறுவது என்று காரணம் சொல்லி நிறைய சர்ஜன்கள் ஒரு பிஎம்ஐ வரம்பு வைத்திருப்பார்கள். அதை எங்கேயோ கேள்விப்பட்டு ஹார்மோனுக்கும் அதேதான் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

நான் தையல்காரி. நாள் முழுக்க இஞ்ச் டேப் கழுத்தில் தொங்கும். அதனால் உடம்பை எடையாகப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஷோல்டர், மார்பு, இடுப்பு (வெய்ஸ்ட்), சீட் (பின்புறச் சுற்று), இந்த நாலு அளவாகத்தான் பார்ப்பேன். ஒரே எடையுள்ள இரண்டு பேர் அடுத்தடுத்து வந்து நின்றால் ஒருவர் துணி மற்றவருக்குத் தோளிலேயே சிக்கிக்கொள்ளும். தராசு சொல்வது மொத்தக் கணக்கு. நமக்கு வேண்டியதோ எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு.

அந்த நாலில் ஷோல்டர் எலும்பு. பருவ வயது முடிந்து எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடிய பிறகு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு எடுத்தாலும் தோள் அகலம் குறையாது, இடுப்பெலும்பு விரியாது. எத்தனை கிலோ இளைத்தாலும் அதேதான். தோளின் மேல் இருக்கும் தசை கொஞ்சம் வற்றும், அதனால் கொஞ்சம் மெல்லிசாகத் தெரியும், அவ்வளவுதான். சொல்லப்போனால் ரொம்ப இளைத்தவர்களுக்குத் தோளெலும்பு இன்னும் துருத்திக்கொண்டு தெரியும். மிச்சம் மூன்று அளவுகளிலும் எலும்போடு கொழுப்பும் தசையும் சேர்ந்திருக்கும். ஹார்மோன் வேலை செய்யப்போவது அங்கேதான்.

கொழுப்பு எப்படி இடம் மாறுகிறது என்பதில்தான் எல்லோருக்கும் குழப்பம். வயிற்றில் இருக்கும் கொழுப்பு மூட்டை கட்டிக்கொண்டு இடுப்புக்கும் தொடைக்கும் குடிபோகாது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இருக்கும்வரை புதுக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றுப் பக்கம், அதிலும் குடலைச் சுற்றி உள்ளே சேரும். அது அடங்கி ஈஸ்ட்ரோஜன் வந்த பிறகு சேருகிற கொழுப்பு தோலுக்கு அடியில், இடுப்பு, பின்புறம், தொடை, மார்பு, கன்னம் என்று சேர ஆரம்பிக்கும். பழையது பெரும்பாலும் அது பாட்டுக்கு இருக்கும். நாம் கரைத்தால்தான் கரையும். டபிள்யூபாத் வழிகாட்டியின்படி இந்த மாற்றம் 3 முதல் 6 மாதத்தில் தெரிய ஆரம்பிக்கும், முழுசாக நிற்க 2 முதல் 5 வருஷம் ஆகும். தசை குறைவதும் அதே 3-6 மாதத்தில் ஆரம்பித்து ஒன்றிரண்டு வருஷத்தில் நின்றுவிடும்.

இதிலிருந்து பிறந்ததுதான் ‘முன்னாடி குறை, அப்புறம் ஏத்து’ என்ற யோசனை. ஆண் உடம்பு சேர்த்து வைத்ததை முன்பே கரைத்துவிட்டு, ஹார்மோன் தொடங்கிய பிறகு ஏறும் எடை சரியான இடத்தில் ஏறட்டும் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, பாதிக்கு நானும் ஒத்துக்கொள்கிறேன். வயிறு பெரிதாக இருந்தால் முன்பே கொஞ்சம் குறைப்பது நல்லது. அழகுக்காக இல்லாவிட்டாலும் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் இதையே வேண்டுமென்றே ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி ஒரு வித்தையாகச் செய்கிறார்கள் பாருங்கள், அது எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு இறக்கத்திலும் தசையும் சேர்ந்து போகும். ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பாகத்தான் ஏறும். ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவருக்கு முன்னாடி குறைக்க ஒன்றுமே இல்லை. இடுப்பிலும் மார்பிலும் சேர்வதற்கு உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டாமா?

எனக்குக் குறைக்க இருந்தது. குறைத்தேன். யாரும் சொல்லாத ஒன்றை அப்போதுதான் பார்த்தேன்: முகம். உடம்பு இளைத்தால் முகமும் இளைக்கும். தாடை எலும்பு மேலே வரும், கன்னம் ஒட்டும், கழுத்துக் குரல்வளை முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். “இப்பத்தான் ஆம்பளை மாதிரி ஃபிட்டா இருக்கே” என்று சித்தி வாய் நிறையச் சொன்னார். பாவம், அவர் மனசார வாழ்த்தினார். நான் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பெண்ணாகத் தெரியத்தானே இந்தப் பாடெல்லாம்? குறைக்கக் குறைக்க நேர் எதிர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஹார்மோனுக்கு அப்புறம் கன்னத்தில் கொஞ்சம் சதை திரும்ப வந்து தாடையின் கோணம் மழுங்கியது என்பது வேறு விஷயம். ஆனால் நடுவில் இருக்கிற அந்தக் காலம் கொடுமை. தன் முகத்தைப் பார்க்கவே சிரமப்படுகிறவர்கள் எடை குறைப்பதை ஹார்மோனோடு சேர்த்தே, மெதுவாகச் செய்யலாம். முன்னாடியே முடித்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வாரத்துக்கு அரை கிலோவில் இருந்து ஒரு கிலோவுக்குள் குறைவதுதான் பாதுகாப்பான வேகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அந்த அரை கிலோ பக்கம்தான் நின்றேன். சாப்பாட்டில் புரதத்தை விடவில்லை. நடந்தேன். அப்புறம், நம்மில் பலர் தொடவே பயப்படுகிற ஒன்றைச் செய்தேன்: எடை தூக்கினேன்.

“தசை வந்துட்டா என்ன பண்றது அக்கா?” இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தோளும் கையும் ஒரு நாள் ராத்திரியில் புடைத்துக்கொள்ளாது. குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தசை பெருப்பது அதைவிடக் கஷ்டம். நான் இடுப்புக்குக் கீழேதான் பெரும்பாலும் வேலை கொடுத்தேன். உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட், ஒரு காலை முன்னே வைத்து முட்டி மடக்கி இறங்குகிற லஞ்ச் (lunge), முதுகைப் பெஞ்சில் சாய்த்து இடுப்பை மேலே தள்ளுகிற ஹிப் த்ரஸ்ட். பின்புறத் தசை கொஞ்சம் நிமிர்ந்தாலே சீட் அளவு மாறும். இடுப்பு ஒரு இஞ்ச் குறைந்து சீட் அப்படியே நின்றால், துணியில் ரெண்டு இஞ்ச் குறைத்த மாதிரி தெரியும். இது தையல்காரியாகச் சொல்கிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. திருநங்கைகளில் பலருக்கு ஹார்மோன் தொடங்கும் முன்பே எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெளியே போகக் கூச்சம், விளையாட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதது என்று நம் வாழ்க்கை அப்படி. எலும்புக்கு எடை தாங்கும் வேலை வேண்டும். பட்டினி அதைக் கெடுக்கும்.

பட்டினி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். திருநர்களிடையே உணவுக் கோளாறுகள் மற்றவர்களைவிட அதிகம். மீசை தாடி வளரும்போது தடுக்க முடியவில்லை, குரல் உடையும்போது தடுக்க முடியவில்லை; தட்டில் விழுவதை மட்டும்தான் நம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள முடிந்தது. அது எங்கே போய் முடியும் என்று தெரிந்ததுதானே. சாப்பிட்டதும் குற்ற உணர்ச்சி வருகிறது, வாந்தி எடுக்கிறேன், மற்றவர் முன்னால் சாப்பிடவே முடியவில்லை என்றால் எடைக் கணக்கை அப்படியே நிறுத்திவிட்டு டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் ஹார்மோன் தரமாட்டார்களோ என்று மறைக்காதீர்கள்.

டாக்டர் நிஜமாகவே கவலைப்படுகிற எடை விஷயம் ரத்தக் கட்டி, அதாவது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைவது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரையாகப் போனால் முதலில் கல்லீரல் வழியாகப் போகும். அங்கே ரத்தம் உறையவைக்கும் பொருட்கள் கூடும். பருமன் தனியாகவே அந்த ஆபத்தைக் கூட்டும், புகைப்பது கூட்டும், வயதும் கூட்டும். தோலில் ஒட்டும் பேட்ச், தடவும் ஜெல் இரண்டிலும் ஆபத்து குறைவு என்பதால் எடை அதிகமுள்ளவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போவார்கள். ஆக, எடை அதிகம் என்றால் மருந்தின் வடிவம் மாறலாம், கதவு மூடிவிடாது. எனக்குத் தெரிந்தவரை ஐந்து கிலோ குறைக்கப் பாடுபடுவதைவிட சிகரெட்டை விடுவது இங்கே பெரிய லாபம். கருத்தடை மாத்திரையை வாங்கித் தானாகப் போட்டுக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவற்றில் பலவற்றில் இருப்பது எத்தினைல் ஈஸ்ட்ராடயால் என்கிற ஒரு வகை ஈஸ்ட்ரோஜன். ரத்தக் கட்டி ஆபத்து அதிகம் என்பதால்தான் இந்தச் சிகிச்சையில் அதை வேண்டாம் என்று ஒதுக்கிவைத்திருக்கிறார்கள்.

தொடங்கும் முன் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், ஹார்மோன் அளவுகள் என்று ஒரு சுற்று பார்ப்பார்கள். டெஸ்டோஸ்டிரோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரை கொடுப்பதாக இருந்தால் பொட்டாசியமும். அந்த ரிப்போர்ட்டில் எடையைவிட முக்கியமான சேதி இருக்கும். என் எடை அதிகமாக இருந்தபோதும் சர்க்கரை சரியாக இருந்தது. என்னைவிட ஒல்லியான தோழி ஒருத்திக்கு அது எகிறிப்போயிருந்தது.

இடுப்பை எப்படி அளப்பது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடைக்கு வருகிற எல்லோருமே இதைத் தப்பாகத்தான் செய்கிறார்கள். தொப்புளை அடையாளமாக வைக்காதீர்கள். விலாவில் விரலை வைத்துக் கடைசி எலும்பு முடியும் இடத்தைத் தேடுங்கள். அப்புறம் பக்கவாட்டில் இடுப்பெலும்பின் மேல்முனையைத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப் போக வேண்டும், தரைக்குச் சமமாக, முதுகுப் பக்கம் இறங்காமல். மூச்சை இழுத்துப் பிடிக்காமல் சாதாரணமாக விட்டு முடிக்கும்போது எண்ணைப் பாருங்கள். டேப் தோலில் படிய வேண்டும், அழுத்தக் கூடாது. சீட் என்பது பின்புறம் அதிகமாகத் தூக்கி நிற்கிற இடம், கால் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். மார்பில் இரண்டு அளவு: காம்பு மட்டத்தில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பின்னால் வளர்ச்சியைச் சொல்லும். ஹார்மோன் தொடங்கும் நாளில் இதையெல்லாம் எழுதி வையுங்கள். தினம் அளக்காதீர்கள், பைத்தியம் பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும்.

ஏன் தராசு போதாது என்றால், தொடங்கிய பிறகு அது ஏறும். ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், திருநங்கைகளுக்குச் சராசரியாகக் கொழுப்பு 3 கிலோ கூடி, கொழுப்பில்லாத எடை 2.4 கிலோ குறைந்து, மொத்த எடை 1.8 கிலோ ஏறியிருந்தது (எல்லாம் தனித்தனிச் சராசரி, அதனால் கூட்டிக் கழித்தால் கச்சிதமாக வராது). தராசில் நின்றால் “ரெண்டு கிலோ போட்டுட்டேன்” என்றுதான் தெரியும். உள்ளே ஐந்து கிலோவுக்கு மேல் இடம் மாறியிருக்கிறது. தசை குறைவதால் உடம்புக்கு வேண்டிய சாப்பாடும் கொஞ்சம் குறையும். பழைய அளவிலேயே சாப்பிட்டால் நினைத்ததைவிட அதிகமாக ஏறும், அதுவும் எல்லாமே இடுப்புக்குப் போய்ச் சேராது. அதனால் முன்பே பழகிய நடையும் எடை தூக்குவதும் அப்போதும் தொடரணும். என் கைச் சட்டையில் தோள் தையல் இறங்கியது, கால்சட்டை தொடையில் இறுகியது. எடை மட்டும் பார்த்திருந்தால் மறுபடியும் பட்டினி கிடக்க ஆரம்பித்திருப்பேன்.

காத்திருக்கும் மாதங்களுக்கு என் தொழிலில் கொஞ்சம் மருந்து இருக்கிறது. தோளில் பேட் வைத்த எதையும் கழற்றி எறியுங்கள். ஷோல்டர் தையல் தோள் முனைக்கு அரை இஞ்ச் உள்ளே நின்றால் தோள் சின்னதாகத் தெரியும். இடுப்பில் பிடி பிடித்து அதற்குக் கீழே விரிகிற வெட்டு, கழுத்து கொஞ்சம் ஆழமாக, கையில் லேசான லூஸ். ஹிப் பேட் வைப்பதென்றால் மெல்லிசானதில் ஆரம்பியுங்கள். ரொம்பத் தடிமனாக வைத்தால் உட்கார்ந்து எழும்போது இடம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். வயிற்றை இறுக்குகிற வெய்ஸ்ட் ட்ரெய்னரை விசேஷ நாளில் ஒன்றிரண்டு மணி நேரம் போடலாம். அது இடுப்பைச் செதுக்கிவிடும் என்று விற்பார்கள். கழற்றினால் பழைய அளவுதான். மூச்சு முட்டினாலோ நெஞ்சு எரிந்தாலோ கழற்றிவிடுங்கள்.