காஸ்டிக் நீரும் ஐஸ் பெட்டியும்

சர்க்கரை ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பொறுப்பேற்ற முதல் அரவைப் பருவத்திலேயே, ஆலையை இயக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவைப் புதுப்பிக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. விண்ணப்பமும் கட்டணமும் இரண்டே நாளில் முடிந்தன. வெளியேறும் நீரின் ஆய்வறிக்கைதான் ஏழு வாரம் இழுத்தடித்தது.

சுத்திகரித்த நீரை நாங்கள் வயலுக்குப் பாய்ச்சுவதால், பிஓடி, அதாவது நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு, லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆற்றில் விடுவோருக்கு வரம்பு 30. முதல் மாதிரியைப் புட்டியில் பிடித்து, பேருந்தில் நான்கு மணி நேரம் பயணம் செய்து ஆய்வகத்தில் நீட்டியபோது, ஐஸில் வைக்காத மாதிரியை வாங்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழியிலேயே நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்றுவிடுவதால் அளவு குறைவாகத்தான் காட்டியிருக்கும். எனக்குச் சாதகமான பொய்யைத்தான் அவர்கள் மறுத்தார்கள் என்பது அன்றைய கோபத்தில் உறைக்கவில்லை.

ஐஸ் பெட்டியோடு மறுபடியும் போனேன். 27 டிகிரியில் 3 நாள் வைத்துப் பார்க்கும் அந்தச் சோதனையின் முடிவு 340 என்று வந்தது. சர்க்கரைக் கழிவில் கார்பன் மிகுதி, கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் பற்றாக்குறை என்பதால், பிஓடி, நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் 100:5:1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்து யூரியா, டிஏபி உரங்களை ஒரு வாரம் கூட்டிக் கூட்டிப் போட்டேன். நுண்ணுயிர்கள் வளரக் காற்றைச் செலுத்தும், பழுப்பாக இருக்க வேண்டிய காற்றூட்டுத் தொட்டியோ சாம்பல் நிறத்தில் நுரைத்துக் கொண்டிருந்தது.

குற்றவாளி இரவுப் பணிப் பதிவேட்டில் இருந்தது. கரும்புச் சாற்றைச் சுண்டவைக்கும் எவாப்பரேட்டரில் படிந்த உப்புப் படிவை அகற்றக் கொதிக்கவைத்த காஸ்டிக் சோடா நீரை, ஒவ்வொரு முறையும் மொத்தமாகச் சாக்கடையில் திறந்து விட்டிருந்தார்கள். பிஎச் 11ஐத் தாண்டிய அந்த வெள்ளத்தில் எந்த நுண்ணுயிர் பிழைக்கும்? அதன் பிறகு அந்த நீரைத் தனித் தொட்டியில் தேக்கி, அமிலத்தால் சமன்செய்து, சிறிது சிறிதாகவே கலந்தோம். செத்த நுண்ணுயிர்களுக்குப் பதில் புதியவை வளர, டேங்கரில் சாணக் கரைசலைக் கொண்டுவந்து ஊற்றினோம். பதினெட்டாம் நாள் எடுத்த மாதிரி 62 காட்டியபோது பணியாளர்களுக்கு நானே தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த மகிழ்ச்சியோடு நான் கொண்டுபோன அறிக்கையை வாரிய அலுவலக எழுத்தர் பார்க்கவே இல்லை. நீரோட்டமானியின் அளவுத்திருத்தச் சான்று 11 நாளுக்கு முன்பே காலாவதியாகிவிட்டதைச் சுட்டிக்காட்டிக் கோப்பை மூடிவிட்டார். அது காலாவதியாகப் போவதை முதல் முறை போனபோதே அவர் சொல்லியிருக்கலாம். இணைப்பு ஆவணங்களின் தேதிகளைப் புறப்படும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய இசைவு முடிய நான்கு நாளே இருந்தபோது புதிய ஆணை கைக்கு வந்தது. அரவை நின்ற பிறகும் ஒரு மாதம் நிலையத்தை ஓட்ட வேண்டும் என்பதால், சாண டேங்கரை நான் இன்னும் திருப்பி அனுப்பவில்லை.