பாதியில் நின்ற வாசிப்பு

பிரிக்பீல்ட்ஸில் புதன்கிழமை மாலைதோறும் கூடும் எங்கள் வேதபாட வகுப்பில், சென்ற வாரம் லூக்கா 4ஆம் அதிகாரத்தை நான் வாசிக்க, இயேசு நாசரேத்து ஜெபஆலயத்தில் எடுத்து வாசிக்கும் ஏசாயா தீர்க்கதரிசியின் 61ஆம் அதிகாரத்தைப் பெரியம்மா ஒருவர் தம் பழைய வேதாகமத்திலிருந்து உடன் வாசித்தார். சிற்சில சொற்கள் மாறினாலும், "கர்த்தருடைய அநுக்கிரக வருஷத்தை" என்னும் இடம் வரை இரண்டு குரல்களும் ஒன்றாகவே வந்தன. அங்கே லூக்காவின் வாசிப்பு முடிந்துவிட, "நம்முடைய தேவன் நீதியைச் சரிக்கட்டும் நாளையும்" என்று அவருடைய குரல் மட்டும் தனித்து ஒலித்தது. ஆண்டவர் ஏன் வாக்கியத்தைப் பாதியில் விட்டார் என்று அவர் கேட்டார்.

நான் சிறுவனாக இருந்தபோது தீர்க்கதரிசனம் என்றால் ஒரு பட்டியல்தான். பெத்லகேமுக்கு மீகா 5:2, கழுதைக்குட்டிக்கு சகரியா 9:9, முப்பது வெள்ளிக்காசுக்கு சகரியா 11:12 என்று மனப்பாடம் செய்து, ஒவ்வொன்றுக்கும் சரி என்று குறியிடுவோம். அது தவறென்று சொல்ல மாட்டேன்; ஆனால் வரப்போகிறவர் எப்படிப்பட்டவர் என்று தீர்க்கதரிசிகள் சொன்னதை அந்தப் பட்டியலில் நாங்கள் கேட்கவே இல்லை.

ஏசாயா 61 அதைத்தான் சொல்லத் தொடங்குகிறது: "கர்த்தர் என்னை அபிஷேகம்பண்ணினார்." மேசியா என்ற எபிரெயச் சொல்லுக்கும் கிறிஸ்து என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அபிஷேகம்பண்ணப்பட்டவர் என்பதே பொருள். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலுக்கு அருகில் வாழும் நமக்கு அபிஷேகம் என்றதும் திருமேனியில் வார்க்கும் பாலும் சந்தனமும் நினைவுக்கு வரும். இஸ்ரவேலிலோ அது ராஜாவின் தலையிலும் ஆசாரியனின் தலையிலும் ஊற்றும் எண்ணெய், ஒருவரை ஒரு வேலைக்கென்று பிரித்தெடுக்கும் செயல். ஏசாயா சொல்லும் வேலை, தரித்திரருக்கு நற்செய்தி அறிவிப்பதும் சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை கூறுவதுமாகும்.

1947இல் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயாச் சுருள், ஏழு மீட்டருக்கு மேல் நீளமும் கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ நூறாண்டு முந்திய பழமையும் உடையது. அதில் அதிகார எண்ணும் இல்லை, வசன எண்ணும் இல்லை. அப்படியொரு சுருளைக் கையில் வைத்திருந்த இயேசு, வசனம் முடிந்ததென்று நிறுத்தியிருக்க முடியாது. நிறுத்தும் இடத்தை அவரே தேர்ந்துகொண்டார். எஞ்சிய பகுதி இரண்டாம் வருகைக்கு உரியது என்று நம் போதகர்கள் விளக்குவதுண்டு. அதை நானும் நம்புகிறேன், ஆயினும் அந்த விளக்கம் சற்று விரைவாக வந்துவிடுகிறது. நாசரேத்தார் வாசிப்பைக் கேட்டுக் கோபப்படவில்லை. அவருடைய வாயிலிருந்து புறப்பட்ட கிருபையுள்ள வார்த்தைகளைக் குறித்து ஆச்சரியப்பட்டார்கள். எலியா தீர்க்கதரிசி அனுப்பப்பட்டது சீதோன் நாட்டு விதவையிடம் என்றும், எலிசா தீர்க்கதரிசியின் காலத்தில் குஷ்டம் நீங்கிச் சுத்தமானவன் சீரியனாகிய நாகமான் என்றும் அவர் சொன்ன பிறகுதான் மலைச்சிகரத்திலிருந்து தள்ளிவிட அவரைக் கொண்டுபோனார்கள். நீதி சரிக்கட்டப்பட வேண்டும் என்று எவர்கள்மேல் அவர்கள் காத்திருந்தார்களோ, அந்த அந்நியருக்கே அநுக்கிரக வருஷத்தை அவர் திறந்து வைத்தார்.

ஏசாயா 53இல் பிறருக்காகப் பாடுபடும் தாசனை இஸ்ரவேல் ஜனமாகவே யூதர்கள் பலர் வாசிக்கிறார்கள் என்பதையும் அன்று பேசினோம். 49:3 தாசனை இஸ்ரவேல் என்றே அழைப்பதால், அந்த வாசிப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தன் ஜனத்தின் அழைப்பைத் தனியொருவராகச் சுமந்தவர் என்றே நான் கிறிஸ்துவை அங்கே காண்கிறேன்.

கடைசியில் லூக்கா 7ஐத் திருப்பினோம். மரங்களின் வேர் அருகே கோடரி வைக்கப்பட்டிருக்கிறது என்று பிரசங்கித்த யோவான் ஸ்நானகன், சிறையிலிருந்து ஆளனுப்பி, "வருகிறவர் நீர்தானா?" என்று கேட்கிறார். குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுகிறது என்று ஏசாயாவின் சொற்களிலேயே இயேசு பதில் அனுப்புகிறார். பெரியம்மா விரலை வசனத்தின்மேல் வைத்து இரண்டுமுறை தேடிவிட்டு, சிறைப்பட்டவர்களின் விடுதலை மட்டும் இந்தப் பதிலில் இல்லையே என்றார். அப்போது மணி ஒன்பதரை. அடுத்த புதனுக்கு யோவானின் மரணத்தைச் சொல்லும் மாற்கு 6ஐக் குறித்துக்கொண்டு எழுந்தோம்.